வறுமை எதிர்வாதமாகாது!

குறைந்த பணத்தில் எடுத்த படம் என்றால் அதிற் குற்றம் காணலாகாது என்றொரு புதிய நீதி எமது படித்த நண்பர்களிடையே பரவி வருகின்றது. "பாவம், கையிற் காசில்லாமல் எடுத்திருக்கிறார்கள், நாங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டாமா?" என்கின்றனர். இந்த இரக்கத்தை நாம் வன்மையாக மறுக்கின்றோம். இரக்கத்திற்குரியவன் என ஒருமுறை பெயர் பெற்ற கலைஞன், மதிப்பிற்குரியவன் எனப் பெயர் பெறுவது அரிது. குற்றத்தைக் கூறாது மறைப்பவர் அவனுக்கு நண்பருமல்லர்.

வெறும் வாதத்தோடு நில்லாது ஒரு வழக்கையே எடுத்து விசாரிப்போம். எளியவனைப் பிடித்து அடிக்கின்றார்கள் என்ற பழி எமக்கு வேண்டாம். ஆகவே, உலகம் போற்றும் ஒருவரையே கூண்டில் ஏற்றுவோம். அவர் ஸ்டான்லி குப்ரிக். படம், 1955 இல் வெளிவந்த 'கில்லர்ஸ் கிஸ்'. தமிழிற் கூறின், கொலைஞனின் முத்தம்.

எதிரிக்குச் சாதகமானவற்றை முதலிற் கூறுவதே நேர்மை. படத்தை எடுக்கும்போது குப்ரிக்கிற்கு வயது இருபத்தைந்தை ஒட்டியது. செலவு சுமார் 75,000 டொலர். அமெரிக்கப் படவுலகில் அது சில்லறைக் காசு. மருந்துக்கடைக்காரர் ஒருவர் பண உதவி செய்தார். நெறியாளர், ஒளிப்பதிவாளர், தொகுப்பாளர் ஆகிய மூன்று வேலைகளையும் குப்ரிக்கே செய்தார். படப்பிடிப்பின்போது ஒலியைப் பதியவில்லை. பேச்சு முழுவதும் பின்னரே சேர்க்கப்பட்டது. கதாநாயகியின் வாயிலிருந்து வருவது வேறொரு பெண்ணின் குரல். இக்குறைகளுக்காக நாம் அவரைத் தண்டிக்கப் போவதில்லை. நியூயோர்க் நகரத்துத் தெருக்களை அவர் படம்பிடித்த திறமையையும், கடைப் பொம்மைகள் அடுக்கிய கிடங்கில் இருவர் கோடரியும் ஈட்டியும் ஏந்திப் பொருதும் காட்சியின் கொடூர அழகையும் நாம் மறுக்கவுமில்லை. அவை பணத்தால் வந்தவையல்ல, கண்ணால் வந்தவை.

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம்.

கதை சிறியது. டேவி என்னும் குத்துச்சண்டைக்காரன் தோல்வியிற் தேய்ந்துகொண்டிருப்பவன். அவனது யன்னலுக்கு எதிர் யன்னலில் வசிப்பவள் குளோரியா. காசு கொடுப்பவருடன் கைகோத்து ஆடும் நடனக் கூடத்தில் வேலை செய்பவள். கூடத்து முதலாளி ரப்பாலோ அவள்மீது ஆசை கொண்டு தொல்லை தருகின்றான். இருவரும் ஊரைவிட்டு ஓட எண்ணுகின்றனர். டேவி எனத் தவறாக எண்ணி அவனது முகாமையாளனை ரப்பாலோவின் அடியாட்கள் கொன்றுவிடுகின்றனர். குளோரியா கடத்தப்படுகின்றாள்.

படம் ஓடுவது 67 நிமிடமே. அதற்குள்ளும் குளோரியா தன் தமக்கையின் சோகக் கதையைக் குரலாற் கூற, திரையில் ஒருத்தி தனியே ஆடிக்கொண்டிருக்கின்றாள். ஆடுபவர் குப்ரிக்கின் மனைவியே. செவிக்கு ஒன்று, கண்ணுக்கு வேறொன்று! கதை அங்கே நின்றுவிடுகின்றது. கையில் நூறு ஏக்கர் உள்ளவன் ஒரு மூலையைத் தரிசாக விடலாம். இரண்டு பரப்புக் காணி உள்ளவன் விடலாமா?

இதனினும் பெரிய குற்றம் முடிவில் இருக்கின்றது. மரண பயம் நெருங்கியபொழுது குளோரியா என்ன செய்கின்றாள்? டேவியை நேசிக்கவில்லை என்று கூறி ரப்பாலோவிடம் உயிர்ப்பிச்சை கேட்கின்றாள். டேவி என்ன செய்கின்றான்? அவளை அங்கேயே விட்டுவிட்டு யன்னலால் பாய்ந்து ஓடுகின்றான். இருவரும் ஒருவரையொருவர் கைவிட்டனர்! ஒரு மணி நேரமாகப் படம் சேர்த்த சாட்சியமெல்லாம் இந்த உண்மையில் வந்து நிற்கின்றது. காதல் எனப்பட்டது இரண்டு நாட் பழக்கம். உயிருக்கு ஆபத்தென்றதும் அது கரைந்துவிட்டது. கசப்பான உண்மைதான், எனினும் உண்மை.

அந்த உண்மையைப் படம் என்ன செய்கின்றது? புகைவண்டி நிலையத்தில் டேவி காத்து நிற்கின்றான். வாடகைக் காரிலிருந்து இறங்கிக் குளோரியா ஓடி வருகின்றாள். முத்தம், முற்றிற்று! சாட்சியம் ஒரு பக்கம், தீர்ப்பு மறுபக்கம். கீழ் நீதிமன்று இப்படியொரு தீர்ப்பை எழுதினால் மேன்முறையீட்டில் அது ஒரு நிமிடமேனும் நிற்குமா?

"அது குப்ரிக்கின் குற்றமன்று; படத்தை வாங்கி வெளியிட்ட யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் இன்பமான முடிவைக் கேட்டது" என்று எதிர்த்தரப்பு வாதிக்கும். ஆம், கேட்டது. இங்கேதான் எமது கமக்காரர் இந்த வழக்கை எம்மிலும் தெளிவாக விளங்கிக்கொள்வர். பயிர் தோட்டத்தில் நிற்கும்போதே முற்பணத்தை நீட்டும் புகையிலை வியாபாரியை அவர்கள் அறிவார்கள். பணம் வாங்கிய கணமே விலை பேசும் உரிமை கைமாறிவிடுகின்றது. ஆனால் அந்த வியாபாரியுங்கூடப் புகையிலையை வாழையென்று எழுதித் தரும்படி கேட்பதில்லை! குப்ரிக்கிடம் கேட்கப்பட்டது அதுவே. அவரும் எழுதிக் கொடுத்தார்.

இதற்கு வறுமையா காரணம்? மறுத்துரைக்கும் சாட்சி மறு ஆண்டிலேயே வந்தது. 1956 இல் குப்ரிக் 'த கில்லிங்' என்ற படத்தைத் தந்தார். செலவு சுமார் 320,000 டொலர். முன்னதிலும் அதிகம் எனினும் ஹொலிவூட் கணக்கில் அதுவும் சிறு முதலே. கொள்ளையடித்த பணம் நிறைந்த பெட்டி, விமான நிலையத்தில் ஒரு சிறு நாய் குறுக்கே ஓடியதால் விழுந்து திறக்க, நோட்டுகளெல்லாம் காற்றிற் பறக்கின்றன. கொள்ளையன் செயலற்று நிற்கின்றான். முத்தமில்லை, மீட்சியில்லை. அதையும் வெளியிட்டது அதே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ்! ஆகவே கசப்பான முடிவு விற்பனையாகாது என்ற வாதம் அங்கேயே வீழ்ந்தது. உண்மையான முடிவை எழுத ஒரு சதமும் மேலதிகமாகச் செலவாவதில்லை.

எமது மொழியிலேயே சான்றுண்டு. 1954 இல் எஸ். பாலச்சந்தர் நெறியாண்ட 'அந்த நாள்' ஏழைப் படமன்று. ஏவிஎம் நிறுவனம் எடுத்தது. பாட்டும் நடனமும் கேட்டிருந்த கூட்டத்திற்கு அது இரண்டையும் கொடுக்கவில்லை. நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனின் சாவு மனைவியின் கைத்துப்பாக்கியாலேயே நிகழ்ந்தது என்ற முடிவை இனிப்புத் தடவி மாற்றவுமில்லை. வசூலில் தோற்றது. இன்று அதனோடு போட்டியிட்டு வென்ற படங்களுட் பலவற்றின் பெயரும் நினைவில் இல்லை. 'அந்த நாள்' நிலைத்து நிற்கின்றது.

இவ்வளவும் நாம் கூறுவது குப்ரிக்கைத் தாழ்த்துவதற்காகவன்று. அந்தப் படத்தைப் பற்றிப் பின்னாளில் அவரே பெருமை பேசியதில்லை. தம் குற்றத்தைத் தாமே உணர்ந்தவர் வளர்ந்தார். ஆனால் அவரது பிற்காலப் புகழைக் கொண்டுவந்து முற்காலக் குற்றத்திற்கு வெள்ளையடிப்போரும், சிறு முதல் என்றதும் எழுதுகோலைக் கீழே வைப்போரும், இளங் கலைஞர்களுக்கு எந்த வழியைக் காட்டுகின்றனர்?

1962 இல் 16 மில்லிமீற்றர் சுருளில் உருவான 'சமுதாயம்' தொட்டு இன்றுவரை, ஈழத்துத் தமிழ்ப் படம் சிறு முதலிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றது. இனியும் அவ்வாறே வாழ நேரலாம். ஆகவேதான் இவ்வழக்கு எம்முடையதுமாகின்றது. மங்கிய ஒளியை மன்னிப்போம். பொருந்தாக் குரலை மன்னிப்போம். கதை தானே நிறுவிய உண்மையைக் கடைசி மூன்று நிமிடத்தில் விற்றுவிடுவதை மன்னியோம். படமாளிகை வாசலில் வைத்தியர் கொடுக்கும் காசும் கமக்காரர் கொடுக்கும் காசும் முழுக் காசே. முழுக் காசு கொடுத்தவனுக்கு முழு உண்மையைக் கேட்கும் உரிமையுண்டு. அந்த உரிமையை இரக்கத்தின் பெயரால் அவன் கைவிடலாகாது!