வீட்டுக்குள் நுழையாத சட்டம்

மகளிரின் பொருளாதார மேம்பாடு பற்றிப் பேசாத அரசும் இல்லை. பேசாத சர்வதேச மாநாடும் இல்லை. தில்லியில் 2023-ல் நடைபெற்ற ஜி-20 உச்சி மாநாட்டின் பிரகடனத்திலும் அதற்கு முக்கிய இடம் தரப்பட்டது. உழைப்பில் பங்கேற்கும் பெண்களின் விகிதம் 2017-18-ல் 23.3 சதவீதமாக இருந்து, 2023-24-ல் 41.7 சதவீதமாக உயர்ந்திருப்பதாக மத்திய அரசின் கணக்கெடுப்பு கூறுகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வேலை என்ன பாதுகாப்பைத் தருகிறது என்ற கேள்விக்கு இந்தப் புள்ளிவிவரத்தில் விடை இல்லை.

விடை காண ஹைதராபாதின் ஏ.எஸ்.ராவ் நகரைப் பார்த்தாலே போதும். அணுசக்தித் துறையின்கீழ் 1967-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் இ.சி.ஐ.எல். அதன் ஊழியர்களின் குடியிருப்பாக உருவாகி, அந்நிறுவனத்தை நிறுவிய விஞ்ஞானி ஏ.எஸ். ராவின் பெயரைத் தாங்கி நிற்கும் பகுதி இது. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, மருத்துவ வசதி என்று முறைசார்ந்த வேலை ஒரு குடும்பத்துக்கு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இத்தகைய குடியிருப்புகளே சாட்சி.

அதே வீடுகளுக்குள் நாள்தோறும் இன்னொரு பணியாளர் வந்து போகிறார். பாத்திரம் துலக்குகிறார், துணி துவைக்கிறார், முதியோரைப் பராமரிக்கிறார். நான்கு வீடுகளில் வேலை பார்த்தாலும் எந்த வீட்டிலும் அவர் தொழிலாளி அல்லர். வார விடுமுறை, ஊதிய உயர்வு, நோயுற்ற நாளின் சம்பளம் ஆகிய அனைத்தும் வீட்டுக்காரரின் நல்ல மனதைப் பொறுத்தவை. தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை. வேலை நடக்கும் வீட்டின் வாசல் வரை அரசின் உதவி அவருடன் வருகிறது. வாசலைத் தாண்டி உள்ளே செல்வதில்லை.

இது ஏ.எஸ்.ராவ் நகரின் குறையன்று. சென்னை அண்ணா நகரிலும் தில்லியின் துவாரகாவிலும் நிலைமை இதுவே. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021-ல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் வீட்டு வேலைப் பிரிவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். விவசாயத்துக்கு அடுத்தபடியாக மிகப்பெரிய பிரிவு இதுதான். பதிவு செய்தவருக்கு அட்டை கிடைக்கிறது. அவரை வேலைக்கு அமர்த்தியவருக்கு எந்தக் கடமையும் விதிக்கப்படவில்லை.

நாடாளுமன்றத்துக்கு இந்தப் பிரச்னை புதிதல்ல. வீட்டுப் பணியாளர்களின் வேலை நிலைமைகளை ஒழுங்குபடுத்தக் கோரும் தனிநபர் மசோதாக்கள் 1959-லேயே கொண்டுவரப்பட்டன. 1989-லும் 2016-லும் மீண்டும் வந்தன. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை என்னும்போது, இவற்றின் கதி என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியில் எத்தனையோ கட்சிகள் மாறி மாறி ஆண்டுவிட்டன. அரசு மசோதா ஒன்றைக் கொண்டுவந்து நிறைவேற்ற எந்தக் கட்சிக்கும் மனம் வரவில்லை.

சர்வதேச அரங்கில் காட்சி வேறு. 2011 ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களின் கண்ணியமான வேலைக்கான 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. எழுத்துப்பூர்வமான வேலை விதிமுறைகள், வாரம் ஒரு நாள் ஓய்வு, குறைந்தபட்ச ஊதியம், சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றை அந்த உடன்படிக்கை வலியுறுத்துகிறது. அது 2013-ல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முதலில் ஏற்றுக்கொண்ட நாடுகளுள் ஒன்றான பிலிப்பின்ஸ், 2013-லேயே உள்நாட்டுச் சட்டத்தையும் இயற்றியது. கையுயர்த்திய இந்தியா மட்டும் இன்றுவரை அதற்கு முறையான ஒப்புதல் அளிக்கவில்லை.

இதைவிட வியப்பளிப்பது ஒன்று உண்டு. 2014 ஜனவரியில் சவூதி அரேபியாவுடன் இந்தியா வீட்டுப் பணியாளர்கள் குறித்து ஓர் உடன்பாடு செய்துகொண்டது. குறைந்தபட்ச ஊதியம், வேலை நேரம், சம்பளத்துடன் விடுமுறை, தகராறுகளைத் தீர்க்கும் முறை ஆகியவை வேலை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும் என்பது அதன் சாரம். குவைத்துடன் 2021-ல் இதுபோன்ற புரிந்துணர்வு ஏற்பட்டது. இந்த உடன்பாடுகளால் வளைகுடாவில் துன்பங்கள் தீர்ந்துவிட்டன என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும், முறையிடுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்கிறது. ஹைதராபாதிலிருந்து ரியாத்துக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்காக அந்நாட்டு எஜமானரிடம் கேட்கும் ஒப்பந்தத்தை, ஏ.எஸ்.ராவ் நகரில் அதே வேலையைச் செய்யும் பெண்ணுக்காக நம் நாட்டு எஜமானரிடம் இந்திய அரசு கேட்கவில்லை. இது என்ன நியாயம்?

வீடு என்பது தனிமனிதரின் அந்தரங்க வெளி, அங்கே தொழிலாளர் துறை ஆய்வாளரை அனுப்ப முடியுமா என்று கேட்கப்படுகிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடமாக ஏற்று, வீட்டுப் பணியாளரையும் தன் பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. மானத்துக்குப் பாதுகாப்பளிக்க வாசலைத் தாண்ட முடிந்த சட்டத்தால் கூலிக்காகத் தாண்ட முடியாது என்பது ஏற்கத்தக்க வாதமன்று.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுள் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதன் விளக்கத்திலிருந்து வீட்டு வேலையை வெளிப்படையாகவே விலக்கிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டக் கட்டமைப்பு குறித்து ஆராய அமைச்சகங்கள் இணைந்த குழு ஒன்றை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் மத்திய அரசைப் பணித்திருந்தது.

மாநிலங்கள் ஓரளவு முன்னே சென்றுள்ளன. கர்நாடகம் 2004-லும், ஒன்றுபட்ட ஆந்திரம் 2007-லும் வீட்டு வேலையைக் குறைந்தபட்ச ஊதியத்தின்கீழ் கொண்டுவந்தன. தமிழகத்தில் 2007-ல் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. எனினும், யார் எந்த வீட்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்பதற்கு ஆவணம் இல்லாதவரை, அறிவிக்கப்பட்ட ஊதியத்தை எப்படிக் கேட்டுப் பெறுவது?

அந்த ஆவணம் உருவாக்க முடியாததா என்ன? அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் வாசலில் வீட்டுப் பணியாளரின் பெயர், செல்பேசி எண், வந்து போகும் நேரம் எல்லாம் பதிவாகின்றன. குடியிருப்போரின் பாதுகாப்புக்காக வைக்கப்படும் அந்தப் பதிவேடு, உழைப்பவரின் பாதுகாப்புக்கும் ஏன் பயன்படக் கூடாது? வேலை, நேரம், ஊதியம், வார ஓய்வு ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பக்க ஒப்பந்தம். அமர்த்துபவர் மாதந்தோறும் செலுத்தும் சிறு சந்தா. புகார்களை விசாரிக்க மாவட்ட அளவில் ஓர் அமைப்பு. இவற்றைக் கொண்ட மத்தியச் சட்டம் எந்த நடுத்தரக் குடும்பத்தையும் திவாலாக்கிவிடாது. சட்டத்தை இயற்றிவிட்டு 189-வது உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தால், வெளிநாடுகளுடன் பேரம் பேசும்போது இந்தியாவின் குரலுக்கும் வலிமை கூடும்.

நாடு முழுவதும் பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கும் இரு நிறுவனங்களுள் ஒன்று இ.சி.ஐ.எல். அந்த இயந்திரத்தின் முன் நிற்கும்போது வீட்டுக்காரருக்கும் வேலைக்காரருக்கும் ஒரே மதிப்புதான். பொத்தானை அழுத்திவிட்டு வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு வீட்டுக்குள்ளும் அந்த மதிப்பு கிடைக்கச் செய்வதே நாடாளுமன்றத்தின் கடமை. 1959-ல் எழுந்த கேள்விக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?