ஸெல்ப் போன வண்டி

"எங்கள் வண்டிக்கு ஸெல்ப் போய்விட்டது, ஸார்!"

புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் இந்த வார்த்தைகளைக் கேட்டதும் நாம் சற்றுத் திடுக்கிட்டோம். வேதாந்தத்தை இங்கிலீஷில் படித்தவர்களுக்கு 'ஸெல்ப்' என்றால் ஆத்மாவென்றே அர்த்தமாகும். டிராக்டருக்கும் ஆத்மா உண்டென்பதையும், அது பிரிந்துவிட்டதென்பதையும் ஒரே மூச்சில் கேட்டால் யாருக்குத்தான் கலக்கமாயிராது? பிறகே தெளிவு பிறந்தது. எஞ்சினை முதற்சுற்றுச் சுற்றிவிடும் மின்சார மோட்டாருக்கு நம் கிராமங்களில் அப்பெயர் வழங்குகிறது.

நாம் திருவிடந்தைக்குச் சென்றிருந்தது நித்யகல்யாணப் பெருமாளைச் சேவிப்பதற்காக. வரன் தேடும் வீட்டார் மாலையோடு வந்து வேண்டிக்கொள்ளும் ஸ்தலமென்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. சகோதரியின் குமாரியும் உடன் வந்திருந்தாள். தங்கியது பழைய மாணாக்கர் ஒருவர் வீட்டில். அங்கிருந்து கடல் அரை மைல்கூட இராது. முன்தினம் மழை பெய்து நிலம் பதமாயிருந்தது. அவர்கள் கொட்டிலிலிருந்து உழவு மாடுகள் போய்ப் பல வருஷங்களாகின்றன; டிராக்டர் நின்றால் உழவும் நின்றது. வாடகை வண்டிக்குச் சொல்லியனுப்பலாமென்றாலோ, பதம் வந்த நாளில் ஊரில் எல்லோருக்குமே வண்டி வேண்டும்.

"மூன்று மாதத்துக்கு முன்புதான் புதுப் பாட்டரி வாங்கினோம், வாத்தியார் ஐயா. இப்போது மோட்டாரையே மாற்றவேண்டுமென்கிறார்கள்" என்று மாணாக்கரின் தகப்பனார் அலுத்துக்கொண்டார்.

மாணாக்கர் சாவியைத் திருப்பிக் காட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவே. உடனே அவர் கீழே இறங்கி, நீண்ட ஸ்பானர் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்தார். மோட்டாரில் உள்ள இரண்டு திருகுமுனைகளையும் இரும்பால் தொட்டு இணைத்துவிட்டால் சாவியின் தயவு வேண்டியதில்லை. கிராமத்தில் அநேகருக்குக் கைவந்த வித்தை அது. வண்டியோ சரிவில் நின்றது; கைப்பிரேக் தேய்ந்துபோனபடியால் கியரில் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அவருடைய ஐந்து வயதுப் பெண் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கூட ஓடி வந்துவிட்டார். வகுப்பறையில் இருபது வருஷமாய்ப் பழகிய தொண்டை அன்றுதான் உருப்படியாய் உபயோகப்பட்டது.

கியரில் நிற்கும் வண்டியின் எஞ்சின் சுழன்றால் சக்கரமும் சுழலும். டீஸல் எஞ்சின் பற்றிக்கொண்டதோ, பின்சக்கரம் முதலில் ஏறுவது அதன் முன்னே குனிந்து நிற்பவர் மேல். இவ்விதம் உயிரிழந்த விவசாயிகள் அமெரிக்காவிலும் பலர். இந்த அபாயத்தை வண்டி செய்கிறவர்கள் அறியாமலில்லை. 1946 முதல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட பெர்குசன் டிராக்டரில் கியர்க் கம்பையே ஒரு தனி ஸ்தானத்துக்குத் தள்ளினால்தான் மோட்டார் சுழலும். அந்த ஸ்தானத்தில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமிராது. பிற்கால வண்டிகளில் கியருக்கோ கிளட்சுக்கோ அருகில் ஒரு சிறு ஸ்விட்சு அதே காவலைச் செய்கிறது. ஸ்பானர் வைக்கிறவர் அந்தக் காவற்காரனை விலக்கிவிட்டுக் கதவைத் திறக்கிறார்.

குழந்தையை வீட்டுக்குள் அனுப்பிக் கியரை நீக்கிச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். அதற்குள் கோவளத்திலிருந்து ஒரு வயோதிக மிஸ்திரி சைக்கிளில் வந்து சேர்ந்தார். வந்தவர் மோட்டாரின் பக்கமே போகவில்லை. "தம்பி, முன் விளக்கைப் போடு, போட்டபடியே ஸெல்பைத் திருகு" என்றார். பிரகாசமாய் எரிந்த விளக்கு, சாவியைத் திருகியதும் அடியோடு அணைந்தது. விட்டதும் மறுபடி எரிந்தது. மிஸ்திரி புன்னகை செய்தார்.

பௌதிகம் போதிக்கும் நாம் இதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். "விளக்குத்தான் எரிகிறதே, மின்சாரம் சரியாகத்தானே வருகிறது?" என்று எல்லோரும் ஏமாறுவார்கள். ஒரு முன் விளக்குக்கு வேண்டியது நாலைந்து ஆம்பியர். ஸெல்ப் மோட்டாருக்கோ 200 ஆம்பியருக்கு மேலும் வேண்டும். வழியில் ஓரிடத்தில் துரு ஏறி, ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கு தடை உண்டானால், விளக்கு இழப்பது 0.04 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியர் செல்லும்போது அதே இடத்தில் 2 வோல்ட் போய்விடும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு அது பெரிய நஷ்டம். தடை இன்னும் கூடினால் மோட்டார் அசையாது.

சாவியைத் திருகும்போது விளக்கு சட்டென்று அணைந்தால், பெரும்பாலும் இணைப்பில் குற்றம். ஆரம்பத்திலேயே மங்கலாயிருந்து மேலும் மங்கினால் பாட்டரி வெறுமையாயிருக்கிறது. விளக்கு சிறிதும் மாறாமல் எரிந்தால், மின்சாரம் மோட்டாருக்குப் போகவேயில்லை. சாவி ஸ்விட்சையோ, காவல் ஸ்விட்சையோ, 'டக்' என்று சத்தமிடும் சொலினாய்டையோ, மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷையோ பார்க்கவேண்டும். எஞ்சின் ஜோராய்ச் சுழன்றும் பற்றவில்லையென்றால் ஸெல்பின் மேல் பழி சொல்லுவது அநியாயம். டீஸல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

மிஸ்திரி கம்பிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் கையைச் சடக்கென்று எடுத்தார். அது பாட்டரியிலிருந்து வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் பட்டையின் கீழ்முனை. தடையுள்ள இடம் சூடாகும் என்பதை அவர் புஸ்தகத்தில் படித்தவரல்லர்.

புதுப் பாட்டரி போட்டவர்கள் மேல்முனைகளைப் பளபளப்பாய்த் துடைத்திருந்தார்கள். கீழ்முனையை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கடல். மற்றொரு பக்கம் கேளம்பாக்கத்து உப்பளங்கள். அந்தக் காற்றில் நிற்கும் இரும்பைப் பற்றிச் சொல்லவேண்டுமா? எர்த் முனையை முதலில் கழற்றினார். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டினார். அப்படிச் செய்தால் ஸ்பானர் தவறி உடலில் பட்டாலும் தீப்பொறி எழாது. பாட்டரியிலிருந்து வெளிப்படும் ஹைடிரஜன் வாயுவுக்கு ஒரு பொறி போதும். பாட்டரி முனையில் பூத்திருந்த பச்சைப் பொடியை ஆப்பச்சோடாத் தண்ணீரால் கழுவினார். பட்டையின் கீழ்முனையையும், அது பொருந்தும் இரும்பையும் உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்து இறுக முடுக்கி, மேலே கிரீஸ் தடவினார்.

ஒரு காலத்தில் டிராக்டரென்பது கப்பலிலிருந்து இறங்கும் சாமான். 1959-ல் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டர் உருவாயிற்று. 1960-ல் நம் சென்னையில் டாபே கம்பெனி தொடங்கிற்று. செம்பியத்திலிருந்து வந்த வண்டிகளை நம் ஜில்லாவெங்கும் காணலாம். செய்யும் வித்தையில் தேசம் தலைநிமிர்ந்துவிட்டது. ஆனால் இந்த வீட்டில், வண்டியோடு வந்த இங்கிலீஷ்ப் புஸ்தகம் பிரிக்கப்படாமலே டிரங்குப் பெட்டியில் கிடந்தது. நல்ல தமிழில் பத்துப் பக்கம் இருந்திருந்தால் ஒரு பாட்டரியின் விலை மிஞ்சியிருக்கும்.

"பத்து எண்ணுகிற வரைக்கும்தான் திருக வேண்டும். எடுக்காவிட்டால் விட்டு ஆறவை" என்று மிஸ்திரி மாணாக்கரை எச்சரித்தார். மோட்டார் கார்களுக்கு மின்சார ஸ்டார்ட்டரை அமைத்த அமெரிக்கர் சார்லஸ் கெட்டரிங் அதற்குமுன் கடைகளின் கல்லாப்பெட்டிக்குச் சிறு மோட்டார் செய்தவர். ஒரு கணம் மட்டும் பலமாய் உழைத்துவிட்டு ஓய்கிற மோட்டார் சிறியதாயிருந்தாலே போதும் என்று அங்கே கண்டுகொண்டார். 1912-ல் காடிலாக் காரில் அது வந்தது. ஓயவிடாமல் உழைக்கச் செய்தால் சுருள் கருகும்.

ஏழு எண்ணுவதற்குள் எஞ்சின் பற்றிக்கொண்டது. பெரியவர் மிஸ்திரியின் கையில் எவ்வளவு வைத்தாரென்று நாம் கவனிக்கவில்லை, கோவிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நடை சாத்தக் கால் மணி இருக்கையில் போய்ச் சேர்ந்தோம். அர்ச்சகர் மாலையை எடுத்துக் கொடுத்தபோது நம் விரல்களில் இன்னும் கிரீஸ் ஒட்டியிருந்தது. சகோதரியின் குமாரியே அதை வாங்கிக்கொண்டாள்.