போன காய்ச்சல் ஏன் திரும்பியது?

கிளிஞ்சல்மேட்டைப் போன்ற கடற்கரைக் குப்பங்களிலும் சரி, காரைக்கால் பட்டணத்திலும் சரி, குழந்தைக்குக் கண்ட சளிக்காய்ச்சல் நாலைந்து நாளில் தணிந்து, மறுபடியும் கொதித்து மூச்சு வாங்குமானால், கண்ணேறு என்பாரும், அம்மனுக்கு நேர்ந்த கடன் பாக்கி என்பாரும் உண்டு. உடனே மந்திரித்த கயிறு வரும். தணிந்த காய்ச்சலைப் பாக்கிக்காகத் திருப்பியனுப்பும் அம்மனுக்கும் வட்டிக் கடைக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

திரும்பி வருவது பல சமயங்களில் பழைய நோயே அல்ல, வேறொரு கிருமி. முதலில் இன்புளூயன்சா வைரஸ் சுவாசக் குழாயின் உயிரணுவுக்குள் புகுந்து, அதைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்களைத் தாங்கிய உயிரணுக்கள் மடிகின்றன. மேலும், உயிரணுவின் மேலுள்ள ஒருவகைச் சர்க்கரைப் பொருளையும் வைரஸ் வெட்டி விடுகிறது. மூக்கில் சும்மா கிடந்த நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவுக்கு அதனால் ஒட்ட இடமும் கிடைக்கிறது. வெட்டுண்ட சர்க்கரையே தீனியுமாகிறது. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்பெரானோ, பாக்டீரியாவை விழுங்கும் அணுக்களை மந்தப்படுத்தி விடுகிறது. கைம்மாறும் உண்டு: ஸ்டாபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் சில வகைகள் சுரக்கும் நொதி, வைரஸ் அடுத்த உயிரணுவுக்குள் நுழைய வழி செய்கிறதென்று 1987-இல் காட்டினார்கள். கூட்டுக் களவாணித்தனம் என்றால் இதுதான்!

1918-இல் பம்பாயில் இறங்கிய விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது. கோயில் இல்லாத ஊரிலா அவர்கள் செத்தார்கள்? அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இறந்த 58 பேரின் சுவாசப்பைத் துண்டுகளை 2008-இல் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளம் இருந்தது. வேலியைப் பிரித்தது வைரஸ். பயிரை மேய்ந்தது பாக்டீரியா. தென்னாப்பிரிக்காவிலோ, நியூமோகாக்கஸுக்கு எதிரான ஊசி போட்ட குழந்தைகளிடம் வைரஸ் சம்பந்தப்பட்ட நிமோனியாவும் 31 சதவீதம் குறைந்ததென்று 2004-இல் கண்டார்கள்.

அந்தத் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் சர்க்காரால் இலவசமாகப் போடப்படுகிறது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். கயிற்றுக்குக் காசு கொடுப்பவர்கள் இதற்கு ஏன் தயங்க வேண்டும்? கடையில் தாமாக வாங்கிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. இரண்டாவது கிருமி வந்த பிறகு, டாக்டர் அளந்து கொடுத்தால் அதுவே உயிர் காக்கும். ஆகவே தாய்மார்கள் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பார்க்கட்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கை எட்டினாலும், விலாவின் அடிப்பக்கம் உள்ளிழுத்தாலும், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.