சுருளிப்பட்டிக்கு மண்ணும் மலையும் தந்த மூலதனம்

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் சுருளிப்பட்டி. சுருளி அருவிக்குப் போகிறவர்கள் இவ்வூரைக் கடந்துதான் போகிறார்கள். அருவியில் குளித்துத் திரும்பும்போது வழியோரத்தில் திராட்சை வாங்குவதோடு சரி. அந்தப் பழம் ஏன் இங்கே விளைகிறது என்று கேட்பவர் குறைவு.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவில் கம்பம் பள்ளத்தாக்கு. கேரளப் பக்கம் ஓடிய பெரியாற்றை 1895-ல் பென்னிகுக் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அந்தத் தண்ணீரில்தான் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நடக்கிறது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கிணற்றை நம்பி எழுந்தவை திராட்சைப் பந்தல்கள்.

நாசிக் பக்கம் ஆண்டுக்கு ஒரே அறுவடை. இங்கோ, கடுங்குளிர் இல்லாததால், கவாத்து செய்த நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம். ஆண்டு முழுவதும் ஏதாவதொரு பந்தலில் பன்னீர் திராட்சை பழுத்துக்கொண்டே இருக்கும். இந்த வரம் இந்த மண்ணுக்கும் சீதோஷ்ணத்துக்கும் உரியது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இதனால்தான்.

ஆனால் குறியீடு மட்டும் விலையைத் தந்துவிடாது. பன்னீர் பழம் நாள்பட நிற்காது. பழுத்தால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் விற்றே ஆக வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் கவாத்து செய்தாரென்று நாமும் கத்தரியை எடுத்தால், எல்லார் பழமும் ஒரே வாரத்தில் தராசுக்கு வரும். அப்புறம் வியாபாரி சொல்வதே விலை. பந்தல் போட்ட கடன், மருந்துக் கடன் எல்லாம் அப்படியே நிற்கும்.

ஆண்டு முழுவதும் காய்க்கும் ஊரில் ஒரே சமயத்தில் பழத்தைக் கொட்டுவது, நமக்குக் கிடைத்த வரத்தை நாமே வீணாக்குவதாகும். ஆகவே, பக்கத்துப் பக்கத்துப் பந்தல்காரர்கள் பத்துப் பேர் கூடி உட்கார்ந்து, கவாத்துக்கு முறை வைத்துக்கொள்வதே உத்தமம். பழுக்கும் சமயத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் மருந்துச் செலவை ஏற்றும். ஐப்பசி அடைமழையில் பழுக்காதபடி நாள் குறிக்க வேண்டும். அந்தப் பருவத்தில் ஓய்வு கொடுக்கும் பந்தல்காரருக்கு, விலை நிற்கும் மாதத்தில் முதல் முறை தருவதுதான் நியாயம்.

வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகியவர்கள் நாம். மேல்மடை, கீழ்மடை என்று சண்டை போட்டாலும் கடைசியில் முறைப்படிதான் பாய்ச்சினோம். கவாத்துக் கத்தரிக்கும் அதே முறையை வைத்தால் என்ன?

அரசின் பங்கும் உண்டு. பள்ளத்தாக்கில் சிறு விவசாயிகளுக்கு எட்டும் வாடகையில் குளிர்பதன வசதியும், மிஞ்சும் பழத்தைச் சாறாக்கும் ஆலையும் வேண்டும். ஆனால் அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முறை வைக்கக் காசு வேண்டாம். பேச்சு ஒன்றுபட்டால் போதும். அடுத்த கவாத்துக்கு முன் கூடிப் பேசுங்கள்.