ஞாபகம் வைக்காதது யார் குற்றம்?

முகத்துவாரக்குப்பத்தில் மாலை வகுப்பு முடிந்ததும் கல்லூரித் தம்பி ஒருவன் கேட்டான்: “அக்கா, காஸ்ட்லெஸ் கலெக்டிவ்னா ‘மகிழ்ச்சி’ ஆல்பம் மட்டும்தானே ஞாபகம் வருது? ஒரே ஆல்பத்தோட சரியா?”

தோழர்களே, இது அவன் கேள்வி அல்ல, இசைச் சந்தையின் கேள்வி. செக்ஸ் பிஸ்டல்ஸ் 1977இல் போட்டது ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம். அதற்குப் பெயர் வரலாறு. நம்மவர்கள் என்றால் மட்டும் “அப்புறம் காணோமே” என்ற இளக்காரம்.

பா. இரஞ்சித்தின் நீலமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாவு வீட்டுக்கு மட்டும் அழைக்கப்பட்ட கானா, அங்கே இடஒதுக்கீட்டைப் பற்றிப் பாடியது.

ராயபுரத்து இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது, ஸ்டேட்டஸ் வைத்தோம். பழைய ஐயப்பன் பாடலுக்காக 2024இல் அவருக்கு மிரட்டல்கள் வந்தன. எத்தனை பேர் கூட நின்றோம்? நம்மைவிட எதிரிகளுக்கு ஞாபகசக்தி அதிகம்.

மேடை இல்லாமல் அடுத்த ஆல்பம் எங்கிருந்து வரும்? ஏப்ரல் 14க்கு மட்டும் பாட்டைப் பகிர்வது போதாது. கல்லூரி விழாவுக்கு உங்கள் தெருக் கானாக் கலைஞரைக் கூப்பிடுங்கள். கூலியைப் பேசி, முழுசாகக் கொடுங்கள்.

ஜெய்பீம்!