17 என்பது திறமையின் கணக்கு அல்ல

ஜோன் சீனாவைப் பற்றிக் கதை எடுத்தால் எங்கட ஆக்கள் உடனே ரெண்டு கட்சியாகப் பிரிஞ்சிடுவினம். "17 முறை உலக சாம்பியன், இனி என்ன கதை?" என்பது ஒரு கட்சி. "அவனுக்கு ரெஸ்லிங்கே தெரியாது, அஞ்சு மூவ்தான்" என்பது மற்றக் கட்சி. ரெண்டுமே பிழை என்கிறோம் நாங்கள்.

முதலில் அந்த 17. முடிவை முதலே எழுதி வைக்கிற ஒரு ஆட்டத்தில் பட்டங்களின் எண்ணிக்கை எதை அளக்கும்? கம்பனி ஒருவரை எவ்வளவு நம்பியது என்பதைத்தான். 2025 ரெஸ்ல்மேனியாவில் கோடி ரோட்ஸை வென்று ரிக் ஃப்ளேயரின் 16ஐத் தாண்டினார். கணக்கு ஏறியது, சரி. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

அடுத்தது, "தெரியாது" என்ற பேய்க்கதை. 2007 ஏப்ரலில் லண்டனில் ஷோன் மைக்கல்ஸோடு கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் ஆடினார். தெரியாத ஆளால் அது ஏலுமா? 2011 ஜூலையில் சிகாகோவில், சிஎம் பங்கின் சொந்த ஊரில், அரங்கம் முழுக்கத் தன்னை வெறுக்க, அந்த வெறுப்பை வைத்தே ஆட்டத்தைக் கட்டியெழுப்பித் தோற்றார். அஞ்சு மூவ் என்பது பஞ்சமும் இல்லை. அடுத்தது என்ன வருகுது என்று சனத்துக்குத் தெரிஞ்சபடியால்தான் அதை ஒருவர் தடுக்கும்போது அரங்கம் எழும்புது.

அப்ப குற்றமே இல்லையா? இருக்கு. 2010 சம்மர்ஸ்லாம். நெக்ஸஸ் என்று புதுசாக வந்த இளம் கூட்டம். கொங்கிரீட் தரையில் தலை அடிபட்ட பிறகும், கடைசியாக மிஞ்சிய ரெண்டு பேரையும் சீனா தனிய வென்றார். அந்தக் கூட்டம் பிறகு நிமிரவே இல்லை. எழுதினது கம்பனிதானே என்பீர்கள். அந்த நேரம் கம்பனியின் முதல் முகம் அவர்; பொறுப்பே இல்லை என்று சொல்ல ஏலாது.

ரெஸ்லிங்கில் திறமை என்றால் எதிரே நிற்கிறவரைப் பெரிய ஆளாக்கிறது. 2014இல் ப்ரொக் லெஸ்னரிடம் 16 ஜேர்மன் சூப்பிளெக்ஸ் வாங்கினார், லெஸ்னர் பூதமானார். 2015இல் கெவின் ஓவன்ஸ், 2016இல் ஏஜே ஸ்டைல்ஸ், ரெண்டு பேரிடமும் க்ளீனாகத் தோற்றார். ரெண்டு பேரும் வளர்ந்தார்கள். சீனாவின் நல்ல ஆட்டங்களைத் தேடினால் பாதி தோல்விகள்தான் கிடைக்கும்.

2025 டிசம்பர் 13, கடைசி ஆட்டத்தில் குந்தரின் பிடியில் கையைத் தட்டி விலகினார். கனபேருக்குக் கோபம். எங்களுக்கு அதில் கோபமில்லை. போகிறவர் இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் போகவேணும். அதை 2010இலயே செய்யவில்லையே என்பதுதான் எங்கட கோபம்.