எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்? பள்ளியில் படித்த சர்க்யூட் பாடம் சொல்லும் பதில்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே, 'மின்சாரம் பாய்ந்து பலி' என்ற செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டவர், இரும்புக் கம்பிக் கொடியில் துணி காயப்போட்டவர், ஹீட்டர் போட்ட வாளியில் கை வைத்தவர்... தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் நாடு முழுக்க 12 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள்.

இப்படி ஒரு விபத்து நடந்ததும் பலரும் கேட்பது இதுதான்: "வீட்டுல எம்.சி.பி. இருக்கே, அது ஏன் ட்ரிப் ஆகல?" பதில், பேட்டரியும் பல்பும் வைத்துப் பள்ளியில் படித்த பாடத்திலேயே இருக்கிறது.

சுற்று முழுமையானால்தான் கரண்ட்

பேட்டரியின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் மின்னோட்டம், பல்பு வழியாக மறுமுனைக்குத் திரும்ப வேண்டும். நடுவில் எங்கே அறுந்தாலும் பல்பு எரியாது. வீட்டிலும் இதே கதைதான். பேஸ் வயரில் வரும் கரண்ட், ஃபேன், லைட் வழியாகப் போய் நியூட்ரலில் திரும்புகிறது.

அந்த நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மர் அருகே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் தரையும் கரண்ட் திரும்பிப் போக ஒரு வழி. ஒற்றைக் கம்பியில் உட்காரும் காக்கா தரையைத் தொடுவதில்லை, தப்பித்துவிடுகிறது. நாம் தரையில் நின்று பேஸைத் தொட்டால், சுற்று நம் உடம்பு வழியாக முழுமையாகிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஓம் விதி ஞாபகம் இருக்கிறதா? மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். தோல் காய்ந்திருந்தால் உடம்பின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். நனைந்தால் சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து.

இப்போது எம்.சி.பி. பக்கம் வருவோம். வீட்டு பிளக் பாயின்ட்டுக்கு அது பெரும்பாலும் 16 ஆம்பியர். 60 வாட் குண்டு பல்பே 0.26 ஆம்பியர் இழுக்கும். ஆக, ஓர் உயிரைப் பறிக்கும் கரண்ட், எம்.சி.பி.க்கு ஒரு பல்பு எரிவது போலத்தான் தெரியும். அதன் வேலை, வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது. நம்மைக் காப்பது அல்ல.

அப்போ நம்மைக் காப்பது எது?

ஆர்.சி.சி.பி. (ஆர்.சி.டி. என்றும் சொல்வார்கள்). பேஸில் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், 'யாரோ வழியாகத் தரைக்குப் போகிறது' என்று 0.3 நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இதோடு நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். ஃபிரிட்ஜ் பாடியில் கசியும் கரண்ட், நாம் தொடும் முன்பே எர்த் வழியாக இறங்கி ஆர்.சி.சி.பி.யை ட்ரிப் செய்ய வைக்கும்.

ஒரு விஷயம்: ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் இதனால் கண்டுபிடிக்க முடியாது. தெருவில் அறுந்து விழுந்த கம்பிக்கும் இது உதவாது.

இன்றே செய்ய வேண்டியவை

* மின் பெட்டியைத் திறந்து பாருங்கள். 'டி' என்ற எழுத்தோ, டெஸ்ட் என்ற சொல்லோ போட்ட பட்டன் இருந்தால் ஆர்.சி.சி.பி. இருக்கலாம். '30 மில்லி ஆம்பியர்' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.
* மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள். ட்ரிப் ஆகவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.
* வாடகை வீடா? அட்வான்ஸ் கொடுக்கும் முன், தண்ணீர் வசதியோடு இதையும் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை.
* யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.
* தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள்.